ஆக்குபை வால் ஸ்ட்ரீட்டும் அதைச் சுற்றி எழுந்த அரசியல் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நிதித் துறையின் மையமான வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம் (ஆக்குபை) என்ற முழக்கத்தோடு 2011ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஒரு சிறு பூங்காவில் சில நூறு பேர் படுத்துறங்கினார்கள். இரண்டு மாதம் நிறைவதற்குள் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திவிட்டது. ஆனாலும் அமெரிக்க அரசாங்கத்தின் மீது பெருநிறுவனங்களுக்கு உள்ள பிடியைப் பற்றிய விவாதம் எங்கே எழுந்தாலும் அந்தப் பூங்காவின் பேச்சும் கூடவே எழுகிறது. அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உண்மையில் எதில் மாறுபட்டார்கள் என்பதை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

இந்தப் போராட்டம் எப்படித் தொடங்கியது?

கனடாவின் வான்கூவரிலிருந்து வெளிவரும் ஆட்பஸ்டர்ஸ் என்ற இதழ் 2011 ஜூலையில் ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. வால் ஸ்ட்ரீட் அருகே இருக்கும் வெண்கலக் காளையின் முதுகில் ஒரு பாலே நடனக்காரி ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் புகைமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கூட்டம் வருகிறது. "நமது ஒரே கோரிக்கை என்ன?" என்று மேலே கேட்டிருந்தது. கீழே செப்டம்பர் 17 என்ற தேதியும், கூடாரத்தோடு வாருங்கள் என்ற அழைப்பும் இருந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்திலும், மே மாதம் ஸ்பெயின் நாட்டுச் சதுக்கங்களிலும் மக்கள் கூடித் தங்கியதே இதற்கு முன்மாதிரி. அழைப்பு விடுத்ததோடு இதழின் வேலை முடிந்தது. திட்டமிடுதல், இடம் பார்த்தல் ஆகியவற்றையெல்லாம் நியூயார்க்கிலேயே இருந்த சில டஜன் பேர் ஆகஸ்ட் மாதம் முழுவதும் கூடிப் பேசிச் செய்தார்கள். மானுடவியலாளர் டேவிட் கிரேபர் அவர்களில் ஒருவர். குறித்த நாளில் ஏறக்குறைய 1,000 பேர் வந்தார்கள். காளைச் சிலையைச் சுற்றியும், முதலில் கூட நினைத்திருந்த சேஸ் மன்ஹாட்டன் வளாகத்தைச் சுற்றியும் காவல்துறை ஏற்கெனவே தடுப்பு போட்டிருந்ததால், கூட்டம் சற்றுத் தள்ளியிருந்த ஜுக்காட்டி பூங்காவுக்குள் போனது.

அந்தப் பூங்காவில் மட்டும் ஏன் தங்க முடிந்தது?

நியூயார்க் மாநகராட்சியின் பூங்காக்கள் இரவில் மூடப்பட்டுவிடும். ஜுக்காட்டி பூங்கா மாநகராட்சியுடையது அல்ல. புரூக்ஃபீல்ட் என்ற நிலச்சொத்து நிறுவனத்துக்கு உரியது. விதி அனுமதிக்கும் உயரத்தைவிடக் கூடுதலாக மாடி கட்டிக்கொள்ள வேண்டுமானால், பொதுமக்கள் புழங்குவதற்கு ஓர் இடத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு அந்நகரில் 1961 முதல் உண்டு. அந்த வகையில் 1968இல் ஒரு வானளாவிக்கு ஈடாக ஒதுக்கப்பட்ட இடம் இது. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே உரிமையாளர் புகார் தராத வரை காவல்துறையால் எளிதில் கைவைக்க முடியவில்லை. பெருநிறுவனங்களின் செல்வாக்கை எதிர்த்து எழுந்த இயக்கம், ஒரு பெருநிறுவனம் தன் கட்டடத்துக்குக் கூடுதல் மாடி வாங்கிக்கொண்ட பேரத்தின் நிழலில்தான் குடியேறியது. அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்பதற்கு இந்தப் பூங்காவே ஓர் எடுத்துக்காட்டு. அதைக் கடுமையாக எதிர்ப்பவர்கூட இந்த ஒரு பேரத்தைக் குறை சொல்லத் தயங்குவார்.

அவ்வளவு கோபம் எதன் மேல்?

2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அடுத்த சில நாட்களில், நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வேண்டும் என்று புஷ் அரசு நாடாளுமன்றத்திடம் கேட்டது. அக்டோபர் 3 அன்று அது சட்டமானது. தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் எதுவும் வரவில்லை. அரசுப் பணத்தால் பிழைத்த ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் 2009 மார்ச்சில் தன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. நெருக்கடிக்காகப் பெரிய வால் ஸ்ட்ரீட் வங்கி எதன் தலைவரும் சிறைக்குப் போகவில்லை. போராட்டம் தொடங்கியபோது வேலையின்மை 9 சதவீதத்தை ஒட்டி நின்றது. கல்விக் கடனோடு பட்டம் பெற்று வெளியே வந்த தலைமுறை அதை நேராக எதிர்கொண்டது.

மீட்பு நிதியை ஆதரித்தவர்களின் பதிலையும் சொல்ல வேண்டும். வங்கிகளுக்குக் கொடுத்த பணம் கூடுதலோடு கஜானாவுக்குத் திரும்பிவிட்டது என்றும், கொடுக்காமல் இருந்திருந்தால் சம்பளப் பட்டுவாடாவே நின்றுபோயிருக்கும் என்றும் அவர்கள் சொன்னார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நிரூபிக்கவோ மறுக்கவோ வழியில்லை. ஆனால் பூங்காவில் இருந்தவர்களின் குறை பணம் திரும்பி வந்ததா என்பதைப் பற்றியது அல்ல. ஆபத்து வந்தபோது அரசு யாருடைய தொலைபேசியை முதலில் எடுத்தது என்பதுதான் அவர்கள் கேட்டது.

"99 சதவீதம்" என்ற கணக்கு சரியானதா?

உச்சியில் உள்ள 1 சதவீதத்தினர் போக மற்ற எல்லோரும் நாங்களே என்பது போராட்டத்தின் கோஷம். கோஷமாகச் சரி, சமூகவியலாகச் சரியில்லை. நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் 2011 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 1979 முதல் 2007 வரை உச்சியில் இருக்கும் 1 சதவீதக் குடும்பங்களின் வரி போக மீந்த வருமானம் 275 சதவீதம் உயர்ந்தது. நடுவில் உள்ள 60 சதவீதத்துக்கு அது 40 சதவீதத்தைத் தொடவில்லை. அடித்தட்டு 20 சதவீதத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம். ஆக, உச்சி தனியாகப் பிரிந்து போனது மெய்தான். ஆனால் மீதி 99 பேருக்கும் ஒரே நலன், ஒரே எண்ணம் என்பது மெய்யல்ல. அந்த 99இல் வங்கி மேலாளரும் உண்டு, பூங்காவைக் காலி செய்த காவலரும் உண்டு, போராட்டக்காரர்களைக் கண்டாலே பிடிக்காதவர்களும் ஏராளம்.

பெருநிறுவனங்கள் அரசைத் தங்கள் வசம் வைத்திருக்கின்றன என்பதற்கு ஆதாரம் உண்டா?

லஞ்சம் என்ற பொருளில் பெரும்பாலும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் வழிகளே போதுமானவையாக இருக்கின்றன. அவை மூன்று: தேர்தல் செலவு, லாபி (சட்டங்கள் தமக்குச் சாதகமாக அமைய ஆள் வைத்து அரசை வலியுறுத்துவது), பதவி மாற்றம் (அரசுப் பதவிக்கும் நிறுவனப் பதவிக்கும் இடையே மாறிக்கொள்வது). தேர்தல் செலவை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். மத்திய அரசிடம் லாபி செய்வதற்காக நிறுவனங்களும் சங்கங்களும் அந்தக் காலத்தில் கணக்குக் காட்டிச் செலவிட்ட தொகை ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல். சட்ட வரைவின் ஒரு துணைப்பிரிவில் ஒரு சொல்லை மாற்றுவதற்கு முழுநேர ஊழியரை அமர்த்த ஒரு வங்கியால் முடியும். அந்தச் சொல்லால் ஆளுக்குப் பத்து டாலர் இழக்கப்போகும் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட அதற்காக வாஷிங்டனுக்கு ரயில் ஏற மாட்டார்.

மூன்றாவது வழியை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. வைப்பு வாங்கும் வங்கியும் பங்குச் சந்தையில் புழங்கும் முதலீட்டு வங்கியும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று 1933இல் கிளாஸ் ஸ்டீகல் சட்டம் விதித்தது. 1998இல் சிட்டிகார்ப் வங்கியும் டிராவலர்ஸ் குழுமமும் இணைந்து சிட்டிகுரூப் உருவானபோது, அந்த இணைப்பு பழைய சட்டத்துக்குள் நிரந்தரமாக அடங்காத ஒன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சட்டமே மாற்றப்பட்டது. கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்து கிளின்டன் அரசில் நிதியமைச்சராக இருந்த ராபர்ட் ரூபின், 1999 ஜூலையில் பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் சிட்டிகுரூப்பில் உயர்பதவியில் சேர்ந்தார். 2008இல் அந்த வங்கிக்கு அரசு 4,500 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. அப்போது மீட்பு நிதியை நடத்திய நிதியமைச்சர் ஹென்றி பால்சன், 2006 வரை கோல்ட்மேன் சாக்ஸின் தலைவராக இருந்தவர்.

இதில் எந்தப் படியிலும் யாரும் சட்டத்தை மீறவில்லை. பழைய சட்டத்தை நீக்கியதுதான் நெருக்கடிக்குக் காரணம் என்பதும் பலவீனமான வாதம். லீமன் பிரதர்ஸ் பழைய சட்டம் பிரித்துவைத்த வகையிலான தனி முதலீட்டு வங்கிதான். எனினும், நாளை எந்த அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கிறது என்பது இன்று ஒருவர் எழுதும் விதியைத் தொடவே தொடாது என்று நம்புவதற்கு நிறைய நல்லெண்ணம் வேண்டும்.

சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு என்ன சொன்னது? ஏன் இவ்வளவு சர்ச்சை?

2008 தேர்தலின்போது, ஹில்லாரி கிளின்டனை விமர்சித்து எடுத்த ஒரு படத்தைக் கட்டண அலைவரிசையில் காட்ட சிட்டிசன்ஸ் யுனைடெட் என்ற பழமைவாத அமைப்பு விரும்பியது. தேர்தல் நெருங்கும் காலத்தில் நிறுவனங்களின் பணத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 மார்ச்சில் வாதம் நடந்தபோது, நிறுவனத்தின் பணத்தில் வெளிவரும் ஒரு புத்தகம் ஒரு வேட்பாளருக்கு வாக்களியுங்கள் என்று சொன்னால் அதையும் தடுக்கலாமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். தடுக்க முடியும் என்ற பொருளில் அரசு வழக்கறிஞர் பதில் சொன்னார். அந்தப் பதிலோடு வழக்கின் காற்று திசைமாறிவிட்டது என்றே பலரும் கருதுகிறார்கள். 2010 ஜனவரி 21 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: வேட்பாளரோடு சேர்ந்து திட்டமிடாமல் தனியாகச் செய்யும் தேர்தல் பிரசாரச் செலவுக்கு, நிறுவனம் என்பதற்காகவோ தொழிற்சங்கம் என்பதற்காகவோ தடை விதிப்பது பேச்சுரிமைக்கு முரணானது. வேட்பாளருக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் தருவதற்கு 1907 முதல் இருந்துவரும் தடை அப்படியே நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே தர்க்கத்தை நீட்டியதால், வரம்பில்லாமல் நிதி திரட்டும் சூப்பர் பேக் குழுக்கள் பிறந்தன.

தீர்ப்பை ஆதரித்தவர்கள் எல்லோரும் வலதுசாரிகள் அல்லர். குடிமக்களின் உரிமைகளுக்காக நெடுங்காலமாக வழக்காடிவரும் ஏ.சி.எல்.யு. அமைப்பும் இந்த வழக்கில் சிட்டிசன்ஸ் யுனைடெட் பக்கமே நின்றது. எந்த அமைப்பு எவ்வளவு பேசலாம் என்று ஆட்சியில் இருப்பவரே தீர்மானிப்பதுதான் பெரிய ஆபத்து என்பது அவர்கள் வாதம். எதிர்த்து எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், நிறுவனம் என்பது சட்டம் உண்டாக்கிய கருவி என்றும், அதற்கு வாக்கு இல்லாததைப் போலவே குடிமகனுக்குரிய இடமும் அரசியலில் இல்லை என்றும் வாதிட்டார். இரு தரப்பும் ஊழலுக்கு எதிரானவர்கள்தாம். ஊழல் என்றால் என்ன என்பதில்தான் பிளவு. பணத்தைக் கொடுத்து ஒரு கையெழுத்தை வாங்குவது மட்டுமே ஊழல் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டார்கள். கையெழுத்துப் போடுகிறவரின் கதவை யார் தட்டினால் திறக்கிறது என்பதும் ஊழலே என்று பூங்காவில் இருந்தவர்கள் கொண்டார்கள்.

குடியரசுக் கட்சியினர் ஏன் எதிர்த்தார்கள்?

மக்களவையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேண்டர் 2011 அக்டோபர் தொடக்கத்தில் போராட்டக்காரர்களைப் "பெருகிவரும் கும்பல்கள்" என்றார். அக்கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட மிட் ராம்னி, போராட்டத்தை ஆபத்தான வர்க்கப் போர் என்று சொன்னார். அதே போட்டியில் இருந்த ஹெர்மன் கெய்ன், வேலையோ பணமோ இல்லாவிட்டால் வால் ஸ்ட்ரீட்டைக் குறை சொல்லாமல் உங்களை நீங்களே நொந்துகொள்ளுங்கள் என்றார். குளித்துவிட்டு வேலை தேடப் போங்கள் என்று இன்னொரு போட்டியாளரான நியூட் கிங்ரிச் சொன்னது நவம்பரில். ஏளனத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு வாதமும் இருக்கிறது. வீட்டுக் கடன் நெருக்கடியைத் தொடங்கியது வங்கிகள் அல்ல, தகுதி குறைந்தவர்களுக்கும் கடன் கொடுக்கச் சொல்லி நெருக்கிய நாடாளுமன்றமே என்று நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பர்க் நவம்பர் 1 அன்று சொன்னது அந்த வாதத்தின் சுருக்கம். அவர் அப்போது எந்தக் கட்சியையும் சேராதவர். நிதிச் சந்தைக்குத் தகவல் விற்றுக் கோடிகளைக் குவித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். அரசின் கை நீளமாக இருப்பதால்தான் அந்தக் கையைப் பிடிக்கப் பணக்காரர்கள் போட்டி போடுகிறார்கள், ஆகவே கையைக் குறுக்குவதே மருந்து என்பது இந்தத் தரப்பின் முடிவு.

அப்படியானால் டீ பார்ட்டி இயக்கத்தின் கோபமும் இதுதானே?

டீ பார்ட்டி என்பது அரசின் செலவையும் வரியையும் குறைக்கக் கோரி எழுந்த பழமைவாத இயக்கம். இருவரின் கோபமும் பிறந்த இடம் ஒன்றே. 2008 செப்டம்பர் 29 அன்று மீட்பு நிதி மசோதா மக்களவையில் முதல்முறை வாக்கெடுப்புக்கு வந்தபோது 228க்கு 205 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 133 பேர் குடியரசுக் கட்சியினர், 95 பேர் ஜனநாயகக் கட்சியினர். அன்று பங்குச் சந்தைக் குறியீடு டௌ ஜோன்ஸ் 777 புள்ளிகள் சரிந்தது. நான்கே நாட்களில் மசோதா மறுபடி வந்து நிறைவேறியது. இரு கட்சிகளின் கட்டுக்கு அடங்காத உறுப்பினர்களும் ஒரே பொத்தானை அழுத்திய அந்த ஒரு பிற்பகலே இரு இயக்கங்களுக்கும் பொதுவான பிறந்தநாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பாதை பிரிந்தது. அரசு பெரிதாக இருப்பதால் விலைக்கு வாங்கப்படுகிறது என்றது டீ பார்ட்டி. பெருநிறுவனங்கள் பெரிதாக இருப்பதால் வாங்க முடிகிறது என்றது ஆக்குபை. நோய்க்கு இருவரும் ஒரே பெயர் வைத்தாலும், ஒருவரின் மருந்து மற்றவருக்கு நஞ்சு. கட்டுப்பாடுகளை நீக்கினால் லாபிக்கு வேலை இருக்காது என்று ஒருவர் சொல்ல, கட்டுப்பாடுகளை நீக்கியதே லாபிதான் என்று மற்றவர் சொன்னார். ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்கப் பாடுபட்டார். தேர்தல் நிதிச் சீர்திருத்தம் இருவருக்கும் பொதுவானது என்பது அவர் எண்ணம். அது பலிக்கவில்லை. ஒரு தரப்புக்கு மறு தரப்பின் உடையும் கொடியும் பேச்சும் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அரசியலில் இது சின்னக் காரணமல்ல.

நடைமுறையில் இன்னொரு வேறுபாடும் இருந்தது. டீ பார்ட்டி குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களில் இறங்கிப் பழைய உறுப்பினர்களைத் தோற்கடித்தது. 2010 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் கூடுதலாக 63 இடங்களைப் பிடித்தபோது அதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக்குபை வேட்பாளர் என்ற சொல்லையே தொட மறுத்தது.

ஜனநாயகக் கட்சி போராட்டத்தின் பக்கம் நின்றதா?

நின்றது போலவும் நிற்காதது போலவும். மக்களின் விரக்தியை இது வெளிப்படுத்துகிறது என்று அதிபர் ஒபாமா அக்டோபர் 6 அன்று சொன்னார். அதே பேட்டியில் வலுவான நிதித் துறை நாட்டுக்குத் தேவை என்பதையும் விடவில்லை. 2008இல் அவருக்கு அதிகம் நன்கொடை தந்தவர்களின் வரிசையில் கோல்ட்மேன் சாக்ஸ் ஊழியர்கள் முன்னணியில் இருந்தார்கள். தொழிற்சங்கங்கள் அக்டோபர் 5 அன்று ஊர்வலமாக வந்து சேர்ந்துகொண்டன. பூங்காவில் இருந்தவர்களோ அந்தக் கட்சி தங்களை விழுங்கிவிடும் என்று பயந்தார்கள். கிளாஸ் ஸ்டீகல் சட்டத்தை நீக்கிய மசோதாவில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி அதிபரே என்பது அங்கே யாருக்கும் மறக்கவில்லை.

கோரிக்கை எதையும் ஏன் வைக்கவில்லை?

வெளியே இருந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். செப்டம்பர் 29 அன்று, பூங்காவில் இருந்தவர்கள் கூடி முடிவெடுக்கும் பொதுச்சபை ஒரு பிரகடனத்தை ஏற்றது. அதில் வீடுகள் சட்டவிரோதமாகப் பறிக்கப்பட்டது முதல் கல்விக் கடன் வரை குறைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. ஆனால் இன்ன சட்டத்தை இன்ன தேதிக்குள் கொண்டுவாருங்கள் என்ற வரி இல்லை. கோரிக்கை வைத்தால், அதை நிறைவேற்றும் தகுதி இந்த அரசுக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு சாராரின் விளக்கம். விலைபோன நீதிபதியிடம் மனு கொடுப்பதில் என்ன பயன் என்பது போன்ற நிலைப்பாடு அது. கோரிக்கை இல்லாததால் யார் வேண்டுமானாலும் தன் குறையோடு உள்ளே வர முடிந்தது என்பதும் உண்மை. 2011 அக்டோபர் 15 அன்று ஏறக்குறைய 80 நாடுகளில், 900க்கும் மேற்பட்ட நகரங்களில் கூட்டங்கள் நடந்ததற்கு அந்தத் திறந்த வாசல் ஒரு காரணம்.

ஆனால் இதன் விலையைப் பாராட்டாளர்கள் குறைத்தே சொல்கிறார்கள் என்பது என் கருத்து. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் டாட் ஃபிராங்க் சட்டம் 2010 ஜூலையில் நிறைவேறியிருந்தது; அதன் நூற்றுக்கணக்கான விதிகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது சரியாக அந்த இலையுதிர் காலத்தில்தான். வங்கிகள் சொந்த லாபத்துக்காகச் சந்தையில் சூதாடுவதைத் தடுக்கும் வோல்கர் விதியின் வரைவு, பூங்காவில் கூட்டம் நிறைந்திருந்த அதே அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. போராட்டத்திலிருந்து பிரிந்த ஒரு சிறு குழு, நிதித் துறையில் வேலை பார்த்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்த விதியைப் பற்றி 325 பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பியது. லாபியிஸ்டுகளின் ஆயுதத்தை அவர்களுக்கு எதிராகவே பிடித்த குழு அது. பூங்காவில் முரசடித்தவர்களை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அந்தக் கடிதத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பொதுச்சபை எப்படி முடிவெடுத்தது?

ஒலிபெருக்கிக்கு நகரின் அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆகவே பேசுகிறவர் நாலைந்து சொல் சொல்லி நிறுத்துவார், அருகில் இருப்பவர்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார்கள், கூட்டம் பெரிதாக இருந்தால் அடுத்த வளையம் இன்னொரு முறை சொல்லும். தனக்குப் பிடிக்காத கருத்தையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டிய இந்த ஏற்பாட்டுக்கு மக்கள் ஒலிபெருக்கி என்று பெயர். உடன்பாடு என்றால் விரல்களை மேல்நோக்கி அசைப்பது, இல்லையென்றால் கீழ்நோக்கி அசைப்பது. இரு கைகளையும் மார்பில் குறுக்கே வைத்தால் தடை.

இந்த முறையின் அழகும் முட்டுக்கட்டையும் ஒன்றாகத் தெரிந்தது அட்லாண்டாவில். அக்டோபர் 7 அன்று அங்கே கூடியிருந்தவர்களிடம் ஜான் லூயிஸ் வந்தார். 1965இல் செல்மாவில் காவலர்களின் தடியடியில் மண்டை உடைந்தவர். 2011இல் நாடாளுமன்ற உறுப்பினர். சில நிமிடம் பேச விரும்பினார். அவர் முன்னால் நிற்க, பேசவிடலாமா என்று சபை நெடுநேரம் கலந்து பேசியது. எந்த மனிதரும் மற்றவரைவிட உயர்ந்தவர் அல்லர், நிகழ்ச்சி நிரல் முடியட்டும் என்ற வகையில் ஒருவர் மறுத்தார். பெரும்பாலோர் விரல்கள் மேலேதான் அசைந்தன என்றாலும் ஒருமித்த கருத்து வரவில்லை. லூயிஸுக்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டார். தனக்கு வருத்தமில்லை என்றும், தம் இளமையில் நடந்த மாணவர் இயக்கத்திலும் இப்படித்தான் இருந்தது என்றும் சொன்னார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் ஒரு பாதி இதுதான் ஜனநாயகம் என்றது. மறுபாதி தலையில் அடித்துக்கொண்டது. நான் மறுபாதியைச் சேர்ந்தவன், ஆனால் முதல் பாதி சொல்வதும் எனக்குப் புரிகிறது.

வன்முறையில் இறங்கியது யார்?

நியூயார்க்கில் பெரும்பாலும் அமைதியே நிலவியது. செப்டம்பர் 24 அன்று, தடுப்பு வலைக்குள் நின்ற பெண்கள்மீது ஓர் உயரதிகாரி கண்ணை எரிக்கும் மிளகாய் ஸ்பிரேயைத் தெளித்த காணொளி பரவியதும், அக்டோபர் 1 அன்று புரூக்ளின் பாலத்தில் 700க்கும் மேற்பட்டோர் கைதானதும்தான் போராட்டத்தை நாடறியச் செய்தன. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் அக்டோபர் 25 இரவு, ஈராக் போரில் பணியாற்றிய ஸ்காட் ஓல்சன் காவல்துறை வீசிய பொருள் தாக்கி மண்டையில் படுகாயமடைந்தார். அதே நகரில் நவம்பர் 2 அன்று பகலில் ஆயிரக்கணக்கானோர் துறைமுகத்தை அமைதியாக முடக்க, இரவில் ஒரு சிறு குழு கண்ணாடிகளை உடைத்து நெருப்பு வைத்தது. முகாம்களில் திருட்டும் பாலியல் தாக்குதல் புகார்களும் எழுந்தன. எதிர்ப்பாளர்கள் சொன்ன அளவுக்கு இல்லை என்றாலும், ஆதரவாளர்கள் மறைக்கக்கூடிய அளவுக்கும் இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்தோரின் முதல் புகார் முரசு. அப்பகுதியின் சமூகக் குழு போராட்ட உரிமையை ஆதரித்தே தீர்மானம் போட்டது. கூடவே முரசடிப்பதை நாளுக்கு 2 மணி நேரமாகக் குறைக்கச் சொன்னது.

அப்புறப்படுத்தியது சட்டப்படி சரியா?

நீதிமன்றம் சரி என்றது. நவம்பர் 15 அதிகாலை 1 மணியளவில் காவல்துறை பூங்காவைச் சுற்றிவளைத்தது. ஏறக்குறைய 200 பேர் கைதானார்கள். செய்தியாளர்கள் அருகில் விடப்படவில்லை. காலையில் ஒரு நீதிபதி போராட்டக்காரர்களுக்குச் சாதகமாக இடைக்கால ஆணை பிறப்பித்தார். மாலையில் வேறொரு நீதிபதி, கூடவும் பேசவும் உரிமை உண்டு, கூடாரம் போட்டுத் தங்க உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் வீடற்றோருக்காகப் படுத்துறங்கிப் போராடுவதைத் தடுக்கலாம் என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், இந்த முடிவு எதிர்பாராதது அல்ல. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டிய இடத்தில் படுக்கக் கூடாது என்ற விதியை, மக்கள் குடியேறிய பிறகே உரிமையாளர் எழுதினார் என்பது போராட்டக்காரர்களின் குறை. ஆனால் நீதிமன்றத்தில் எடுபடும் வாதம் அவர்களிடம் இல்லை, உரிமையாளரிடம் இருந்தது.

கடைசியில் ஏதாவது மாறியதா?

சட்டத்தில் தேடினால் மிகக் குறைவு. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு நிற்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் ஒரு தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளர்களுக்குமாகச் சேர்த்துத் தரும் தொகைக்கு இருந்த மொத்த வரம்பையும் நீக்கியது. பேச்சில் தேடினால் நிறைய. 2011 டிசம்பரில் ஒபாமா கேன்சஸ் மாநிலத்தின் ஓசவாடமியில் ஆற்றிய உரை ஏற்றத்தாழ்வை மையமாகக் கொண்டது. 2012 தேர்தலில், 47 சதவீதத்தினர் அரசை நம்பி வாழ்பவர்கள் என்று ராம்னி சொன்னது அவரை விடாமல் துரத்தியதற்கு, சதவீதங்களில் யோசிக்க நாடு ஏற்கெனவே பழகியிருந்தது ஒரு காரணம். துரித உணவுக் கடை ஊழியர்கள் 2012 நவம்பரில் நியூயார்க்கில் மணிக்கு 15 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர்கள் குறிப்பிட்ட ஒரு தொகையைக் கேட்டு வந்ததால் பல மாநிலங்களில் அது சட்டமாகவே ஆனது. 2016இல் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இறங்கினார். டீ பார்ட்டி ஆறு ஆண்டுகளுக்கு முன் மறுபக்கத்தில் போன வழி அது.

பூங்காவில் இருந்த நூலகம் என்ன ஆனது?

நன்கொடையாக வந்த 5,000க்கும் மேற்பட்ட புத்தகங்களை வகை பிரித்து, மழைக்குப் பாதுகாத்து, தன்னார்வ நூலகர்கள் கடனாகக் கொடுத்துவந்தார்கள். அப்புறப்படுத்திய இரவில் அவை குப்பை லாரிகளில் ஏற்றப்பட்டன. மாநகராட்சிக் கிடங்கிலிருந்து சிறு பகுதியே திரும்பக் கிடைத்தது. அதிலும் பல கிழிந்தும் நனைந்தும் இருந்தன. நூலகர்கள் வழக்குப் போட்டார்கள். 2013 ஏப்ரலில் மாநகராட்சி சமரசத்துக்கு வந்து, புத்தகங்களுக்காக 47,000 டாலரும், அதைப்போலப் பல மடங்கை வழக்கறிஞர் செலவுக்காகவும் தர ஒப்புக்கொண்டது. புத்தகங்களுக்கான தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்காவின் உரிமையாளரான புரூக்ஃபீல்டின் பங்காக வந்தது.